ஆர்.ஓ.வி. பைலட் வேலையும் சம்பளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலடி வாகனம் ஓட்டும் வேலை பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்தில் தொடங்கி, அந்த வேலை என்ன என்பதில் முடிப்பார்கள். இங்கே அந்த வரிசையை மாற்றியிருக்கிறேன். கடலில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் சம்பளக் கணக்கு புரியும். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஆர்.ஓ.வி.ன்னா என்ன? நீர்மூழ்கிக் கப்பல் மாதிரியா?

இல்லை. நீர்மூழ்கிக்குள் ஆள் இருப்பார், இதற்குள் யாரும் இருக்க மாட்டார்கள். ரிமோட்லி ஆபரேட்டட் வெஹிக்கிள், அதாவது தொலைவிலிருந்து இயக்கப்படும் வாகனம் என்பதன் சுருக்கம்தான் ஆர்.ஓ.வி. கப்பலிலிருந்து அம்பிளிக்கல் என்னும் தடித்த கேபிள் வழியாக மின்சாரமும் கட்டளையும் கீழே போகும். அதே கேபிளுக்குள் இருக்கும் ஒளியிழையில் வீடியோவும், ஒலியால் துழாவும் சோனார் கருவியின் தகவலும் மேலே வரும். கடல்நீர் ரேடியோ அலையை உடனே விழுங்கிவிடுகிறது. ஒலி வெகுதூரம் போகும், ஆனால் தெளிவான நேரடி வீடியோவை அதில் ஏற்றி அனுப்ப முடியாது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் கேபிளை விட முடியவில்லை.

அளவில் பல வகை உண்டு. ஒருவரே தூக்கிக்கொண்டு போகக்கூடிய, கேமரா மட்டும் வைத்த சின்ன வாகனம் ஒரு முனை. வொர்க் கிளாஸ் எனப்படும் பெரிய வாகனம் மறு முனை: 3 முதல் 5 டன் எடை, 100 முதல் 250 குதிரைத்திறன், முன்பக்கம் இரண்டு ஹைட்ராலிக் கைகள். இவற்றில் பெரும்பாலானவை 3000 மீட்டர் ஆழத்துக்குச் செய்யப்பட்டவை. 10 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும் என்பதால், அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு கனெக்டரும் 300 பார் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும்.

பெரிய வாகனம் பெரும்பாலும் நேரடியாக அம்பிளிக்கலில் தொங்குவதில்லை. டி.எம்.எஸ். என்ற கூண்டோடு இறங்கும். வேலை செய்யும் ஆழம் வந்ததும், டெதர் எனப்படும் மெல்லிய மிதக்கும் கேபிளை இழுத்துக்கொண்டு கூண்டிலிருந்து வெளியே நீந்தும். கப்பல் அலையில் ஆடினாலும் அந்த ஆட்டம் கூண்டோடு நின்றுவிடும்.

பைலட்டும் கடலுக்குள்ள போவாரா?

போக மாட்டார். கப்பலிலோ எண்ணெய்த் துளை மேடையிலோ வைத்திருக்கும் கட்டுப்பாட்டு அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பல இடங்களில் அந்த அறை ஒரு கன்டெய்னர்தான். ஒருவர் வாகனத்தை ஓட்டுவார், இன்னொருவர் கோ-பைலட்டாக இருந்து டெதர், சோனார், கைகளைப் பார்த்துக்கொள்வார், மேலே ஒரு சூப்பர்வைசர். ஷிப்ட் 12 மணி நேரம். இரவும் பகலும் வேலை ஓடும் என்பதால் இரண்டு குழுக்கள் மாறிமாறி வருவார்கள்.

எண்ணெய்க் கம்பெனிக்கு மட்டும்தான் இது தேவைப்படுதா?

வேலை அதிகம் அங்கேதான். துளையிடும்போது கடல்தரையில் இருக்கும் வால்வுகளைக் கவனிப்பது, குழாய் பதிக்கும்போது அது தரையைத் தொடும் இடத்தைப் பார்த்துக்கொண்டே போவது, இரும்புக் கட்டமைப்புகளை ஆண்டுதோறும் சோதிப்பது எல்லாமே அந்தத் துறையின் வழக்கமான வேலைகள். அதோடு கடல் காற்றாலைகள், கண்டங்களுக்கிடையேயான இணையக் கேபிள்கள், அணைகள், துறைமுகங்கள், கடலாராய்ச்சி, விபத்துக்குப் பிந்தைய தேடல் என்று களம் விரிந்துகொண்டே போகிறது.

இந்தத் தொழில் எண்ணெயில் பிறக்கவில்லை என்பதை நான் அழுத்தியே சொல்வேன். 1966-இல் ஸ்பெயினின் பலோமாரெஸ் அருகே கடலில் விழுந்த அமெரிக்க ஹைட்ரஜன் குண்டை ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர உதவியது அமெரிக்கக் கடற்படையின் கர்வ் வாகனம். குண்டின் பாராசூட்டில் வாகனமே சிக்கிக்கொள்ள, இரண்டையும் சேர்த்தே தூக்கினார்கள். 1973-இல் அயர்லாந்துக்கு அப்பால் 480 மீட்டர் ஆழத்தில் விழுந்த பைசஸ் 3 என்ற சிறு நீர்மூழ்கியில் ரோஜர் சாப்மன், ரோஜர் மாலின்சன் என்ற இருவர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை உயிரோடு மேலே தூக்கிய கயிறுகளில் ஒன்றைப் பொருத்தியது கர்வ் 3. 1985-இல் வெடித்துச் சிதறிய ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தின் கறுப்புப் பெட்டிகளை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தது ஸ்காரப் என்ற வாகனம்.

2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்தின்போது 1500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் பீறிட்டதை உலகம் நேரலையில் பார்த்ததே, அந்தக் கேமராக்கள் ஆர்.ஓ.வி.களுடையவை. கிணற்றை மூட நடந்த முயற்சிகளில் கீழே கைகளாக இருந்தவையும் அவையே. 2023-இல் டைட்டன் நீர்மூழ்கியின் சிதைவுகளை 3800 மீட்டரில் கண்டுபிடித்ததும் ஆர்.ஓ.வி.தான். மனிதர் இறங்க முடியாத இடத்தில் மனிதருக்காக வேலை செய்வது இதன் அடிப்படை. இதை உணர்ந்து வருகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் நீடிப்பதைப் பார்க்கிறேன்.

வீடியோ கேம் நல்லா ஆடுவேன் அண்ணா. அது போதுமா?

ஜாய்ஸ்டிக்கில் கை பழகியிருப்பது முதல் சில வாரங்களுக்கு உதவும். அதற்கப்புறம் கடல் வேறு பாடம் எடுக்கும். விளையாட்டில் பார்வை தெளிவாக இருக்கும். இங்கே கடல்தரைக்கு அருகே த்ரஸ்டரை, அதாவது வாகனத்தை உந்தும் விசிறியை, கொஞ்சம் வேகமாக இயக்கினாலே வண்டல் கிளம்பித் திரை முழுக்கப் பழுப்பாகிவிடும். அப்போது எதையும் தொடாமல், நீரோட்டம் வண்டலை அடித்துக்கொண்டு போகும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும். கேமராவில் தெரிவது சில மீட்டர்தான். அதற்கு அப்பால் சோனார் திரையில் தெரியும் புள்ளிகளைப் பார்த்து எது குழாய், எது பாறை, எது சங்கிலி என்று பிரித்தறிய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பின்னால் இழுபடும் டெதர். போன வழியிலேயே திரும்ப வேண்டும், எந்தத் தூணைச் சுற்றினோம் என்பது நினைவிருக்க வேண்டும், வலப்பக்கம் எத்தனை சுற்று சுற்றினோமோ அத்தனை சுற்று இடப்பக்கம் திரும்பி முறுக்கை எடுக்க வேண்டும். நல்ல பைலட்டை நான் அடையாளம் காண்பது அவர் வாகனத்தை எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார் என்பதில் இல்லை. தன் டெதர் இந்த நொடியில் எங்கே கிடக்கிறது என்று திரையைப் பார்க்காமலே சொல்கிறாரா என்பதில்தான்.

அப்போ ஒரு நாள்ல என்னதான் செய்வாங்க? எந்நேரமும் ஓட்டிக்கிட்டே இருப்பாங்களா?

இதுதான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பதவியின் முழுப் பெயர் 'பைலட் டெக்னீஷியன்'. அதில் இரண்டாம் பாதிக்குத்தான் கம்பெனி பெரும்பாலும் சம்பளம் கொடுக்கிறது. வாகனம் தண்ணீருக்குள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பழகலாம். அது நின்றுபோய், கப்பலே காத்திருக்கும்போது சரிசெய்கிறவர்தான் தேவைப்படுகிற ஆள். பெரிய கட்டுமானக் கப்பலின் ஒரு நாள் வாடகைக்கு முன்னால் பைலட்டின் சம்பளம் ஒன்றுமே இல்லை. அதனால்தான் பழுதை விரைவில் பிடிக்கிறவருக்கு அவ்வளவு மதிப்பு.

அடிக்கடி வரும் வில்லன் தண்ணீர்தான். கனெக்டரை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் போதும், உப்புநீர் உள்ளே நுழைந்து எர்த் ஃபால்ட் எனும் மின்கசிவைக் காட்டும். எந்தச் சுற்றில் கசிவு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, இன்சுலேஷன் மீட்டர் வைத்துத் தேட வேண்டும். தண்ணீர் புகாமலிருக்கப் பல பெட்டிகளுக்குள் எண்ணெய் நிரப்பி, காம்பென்சேட்டர் மூலம் உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்தைவிடச் சற்றே கூட வைத்திருப்பார்கள். அந்த எண்ணெயின் அளவையும் நிறத்தையும் ஒவ்வொரு டைவுக்கு முன்னும் பின்னும் பார்த்தாக வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்.

கடினமான வேலை ரீ-டெர்மினேஷன். அம்பிளிக்கலின் நுனி சேதமானால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, எஃகுக் கவசம், மின்கம்பி, ஒளியிழை எல்லாவற்றையும் புதிதாக முடிக்க வேண்டும். பிறகு இழுத்துப் பார்த்துத் தாங்குதிறனைச் சோதிக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும். பெரும்பாலும் மழையிலும் காற்றிலும் நடுராத்திரியில்தான் இது வரும். இந்த வேலையைத் தனியாகப் பொறுப்பேற்றுச் செய்து முடிக்கிறவரை எந்தக் குழுவும் விடாது.

டிப்ளமா போதுமா? இல்ல டிகிரி வேணுமா?

டிப்ளமா போதும். எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக்கல், ஹைட்ராலிக்ஸ் மூன்றில் ஒன்று ஆழமாகவும் மற்ற இரண்டு ஓரளவும் தெரிந்தவர்களைத் தேடுவார்கள். கடற்படை, விமானப் பராமரிப்பு, கனரக இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றிலிருந்து வருகிறவர்களுக்கு நல்ல வரவேற்பு. பட்டம் இருப்பது பின்னாளில் கரைப் பொறுப்புகளுக்குப் போகும்போது உதவும். சேருகிற நேரத்தில் சுற்று வரைபடத்தைப் படித்துப் பழுதைத் தேடத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

கோர்ஸ் முடிச்சா வேலை உறுதின்னு விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

வேலையை உறுதியாகத் தரக்கூடிய கோர்ஸ் எதுவும் இல்லை. விமானிக்கு இருப்பதுபோல அரசு உரிமம் ஒன்று ஆர்.ஓ.வி. பைலட்டுக்குச் சர்வதேச அளவில் கிடையாது. ஐ.எம்.சி.ஏ. என்ற கடல்சார் ஒப்பந்ததாரர் சங்கம் தகுதிக்கான வழிகாட்டுதல்களை வெளியிடுகிறது. தொடக்கநிலை ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு நிலைக்கும் திறனை எப்படி மதிப்பிடுவது என்றெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்கின்றன. உங்கள் உண்மையான சான்று லாக்புக். எந்த வாகனத்தில், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிய பக்கங்களுக்கு எந்தச் சான்றிதழும் ஈடாகாது.

முந்தைய பதிலில் சொன்ன தொழில்நுட்பப் பின்னணி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் சில வாரக் கோர்ஸ் ஒரு நல்ல அறிமுகம். உயர்மின்னழுத்தம், ஒளியிழை, ஹைட்ராலிக்ஸ் பயிற்சி அதில் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பின்னணி இல்லாமல் கடன் வாங்கிக் கோர்ஸில் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே பணத்தையும் காலத்தையும் முதலில் ஏதாவது ஒரு பராமரிப்பு வேலையில் போடுங்கள்.

கடலுக்குப் போக வேற என்ன சான்றிதழ் வேணும்? எனக்கு நீச்சல் தெரியாது, பயமா இருக்கு.

இரண்டு கட்டாயம். ஒன்று, கடல்பணிக்கான மருத்துவச் சான்று. இன்னொன்று, போசியட் என்று அழைக்கப்படும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. போசியட் 4 ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் சுருக்கமான புதுப்பிப்புப் பயிற்சி எடுக்க வேண்டும். கப்பலில் மட்டுமே வேலை என்றால் சில இடங்களில் மாலுமிகளுக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பயிற்சியைக் கேட்பார்கள். பணத்தைக் கட்டும் முன், நீங்கள் போக நினைக்கும் பகுதியில் எது செல்லும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

போசியட்டில் எல்லோரும் பயப்படும் பகுதி ஹியூவட். ஹெலிகாப்டர் கூடு மாதிரி ஒன்றில் உங்களை உட்காரவைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். சீட் பெல்ட்டை அவிழ்த்து ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். அருகிலேயே பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்கள் இருப்பார்கள். நீச்சல் வீரராக இருக்க வேண்டியதில்லை. தெரியாது என்று பயிற்றுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனாலும் போகும் முன் தண்ணீரில் முகம் புதைத்து மூச்சடக்கப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, நேரா கேட்கிறேன். சம்பளம் எவ்வளவு?

முதலில் ஒன்று: இந்தத் தொழிலில் பேசப்படுவது பெரும்பாலும் நாள் சம்பளம். சர்வதேச ஒப்பந்தச் சந்தையில் நான் பார்த்துவரும் வீச்சை, வொர்க் கிளாஸ் வாகனங்களுக்கு, அமெரிக்க டாலரில் சொல்கிறேன். பயிற்சிநிலை ஆளுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 250. பைலட் டெக்னீஷியனுக்கு 250 முதல் 450. சீனியருக்கு 350 முதல் 550. சூப்பர்வைசருக்கு 450 முதல் 750. உள்ளூர் ஆட்களை உள்ளூர் சம்பளத்தில் எடுக்கும் இடங்களில் இதைவிடக் குறைவாகவும் கொடுக்கிறார்கள். சின்ன கேமரா வாகனங்களை மட்டும் ஓட்டும் ஆய்வு வேலைகளிலும் குறைவுதான்.

இந்த எண்களை 365-ஆல் பெருக்கிவிடாதீர்கள். பெருக்க வேண்டியது நீங்கள் கடலில் இருக்கப்போகும் நாட்களால். நாளுக்கு 450 டாலர் பேசி வருடத்தில் 110 நாள் மட்டும் அழைக்கப்படுகிறவருக்கு 49,500 கிடைக்கும். நாளுக்கு 320 பேசி 180 நாள் போகிறவருக்கு 57,600. முதலாமவரின் நாள் சம்பளத்தைக் கேட்டுப் பொறாமைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே யாராவது சம்பளம் சொன்னால் உடனே கேளுங்கள்: போன வருடம் எத்தனை நாள்?

தெரிஞ்சவர் ஒருத்தர் வருஷத்துக்கு லட்சம் டாலர் வாங்குறாராம். உண்மையா இருக்குமா?

இருக்கலாம். சூப்பர்வைசர் ஒருவர் நாளுக்கு 600 வாங்கி 170 நாள் போனால் 1,02,000 வருகிறது. அந்த நிலைக்குப் பல ஆண்டு கடல் அனுபவம் தேவை. அதோடு அது வரிக்கு முந்தைய தொகை. ஒப்பந்த ஆளாக இருந்தால் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, சான்றிதழ் புதுப்பிப்பு, மருத்துவப் பரிசோதனை எல்லாமே அவர் கையிலிருந்துதான் போகும். முதல் வருடத்தில் யாரும் அங்கே போய் நிற்க முடியாது.

ஒரே பதவி, ஒரே அனுபவம். ஆனா ஒருத்தருக்கு ரெண்டு மடங்கு சம்பளம். ஏன்?

வேலை நடக்கும் கடல் ஒரு காரணம். வட கடலில் தொழிலாளர் சட்டமும் சங்கங்களும் வலுவாக இருப்பதால் அடிப்படை உயர்ந்திருக்கிறது. ஆழமும் வேலையின் சிக்கலும் இன்னொரு காரணம்: துளைக்கப்பலில் வால்வைப் பார்த்துக்கொண்டிருப்பதும், பள்ளம் தோண்டும் ஆயிரம் குதிரைத்திறன் இயந்திரத்தை இயக்கிக் கேபிள் புதைப்பதும் ஒன்றல்ல. ஆளின் கடவுச்சீட்டைப் பார்த்துச் சம்பளம் பேசுவதும் நடக்கிறது. ஒரே கப்பலில், ஒரே நாற்காலியில் ஷிப்ட் மாறி உட்காரும் இருவருக்கு வேறுவேறு சம்பளம் இருப்பதை நான் நியாயமாக நினைக்கவில்லை. லாக்புக் கனமாகும்போது அதை எதிர்த்துப் பேசும் பலம் வரும், அதுவரை பலருக்கும் வேறு வழியில்லை.

நான்காவது காரணம் எண்ணெய் விலை. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்த பிரென்ட் எண்ணெய் 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே போனது. திட்டங்கள் நின்றன, கப்பல்கள் கட்டிப்போடப்பட்டன, நாள் சம்பளத்தைக் குறைத்தார்கள், பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2020-இல் மறுபடியும் ஒரு அடி. நல்ல காலத்தில் சேர்ந்தவரும் கெட்ட காலத்தில் சேர்ந்தவரும் வெவ்வேறு சம்பளத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கும் இதுவே காரணம்.

கம்பெனி ஸ்டாஃபா போறதா, ஃப்ரீலான்ஸா போறதா?

தொடக்கத்தில் ஸ்டாஃப். மாதச் சம்பளமும், கடலில் இருக்கும் நாட்களுக்குக் கூடுதல் படியும் கிடைக்கும். பயிற்சிச் செலவைக் கம்பெனி ஏற்கும். முக்கியமாக, பழுது பார்க்கக் கற்றுத்தர ஆள் இருப்பார். ஃப்ரீலான்ஸில் யாரும் கற்றுத்தர மாட்டார்கள், வந்த முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

ஃப்ரீலான்ஸ் போகும்போது ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: பயண நாளுக்கு முழுச் சம்பளமா, பாதியா? துறைமுகத்தில் காத்திருக்கும் நாளுக்கு என்ன? வேலை முன்கூட்டியே ரத்தானால் ஏதாவது உண்டா? விமானச் சீட்டும் தங்குமிடமும் யார் செலவு? பணம் எத்தனை நாளில் வரும்? உடல்நலம் கெட்டு நடுவில் இறக்கிவிட்டால் யார் பொறுப்பு? இவற்றை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பயண நாள் என்ற ஒரு வரியிலேயே வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கூடும், குறையும். வரி ஒவ்வொருவரின் குடியுரிமை, வசிக்கும் நாடு, வருடத்தில் வெளியே இருந்த நாட்களைப் பொறுத்தது. நண்பரின் கணக்கைப் பின்பற்றாமல் ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

ஏஜென்ட் ஒருத்தர் வேலை ரெடி, பணம் கட்டுங்கன்னு சொல்றார். கட்டலாமா சார்?

கட்டாதீர்கள். 2013 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவை மட்டும் அவர் ஏற்கலாம். விசாச் செலவைக்கூட அவர் தலையில் கட்டக் கூடாது. ஆர்.ஓ.வி. ஆட்கள் கடலோடி என்ற வரையறைக்குள் வருகிறார்களா என்பது கொடி நாட்டை, அதாவது கப்பல் பதிவான நாட்டைப் பொறுத்து மாறும். வரையறை எதுவானாலும், நல்ல கம்பெனி எதுவும் வேலைக்கு முன்பணம் கேட்பதில்லை.

லாக்புக்கே இல்லாத புதியவருக்கு மாதம் பத்தாயிரம் டாலர் என்று கடிதம் வந்தால் அது பொய். மேலே சொன்ன நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

ஆபத்தான வேலையா?

முக்குளிப்பவரின் வேலையோடு ஒப்பிட்டால் குறைவு. பைலட் தண்ணீரில் இறங்குவதில்லை. ஆபத்து இருப்பது மேல்தளத்தில். அம்பிளிக்கலில் 3000 வோல்ட்டுக்கு மேல் ஓடும் வாகனங்கள் உண்டு, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். ஹைட்ராலிக் குழாயில் 200 பார் அழுத்தம் இருக்கும். ஊசித்துளை அளவு கசிவில் விரலை வைத்தால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சின்னக் காயமாகத்தான் தெரியும், ஆனால் உடனடியாக அறுவை மருத்துவரிடம் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். புதியவர்களுக்கு இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. வாகனத்தை இறக்கும்போதும் ஏற்றும்போதும் பல டன் எடை தலைக்கு மேல் ஆடும், அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது.

கப்பல்ல வாந்தி வருமா? குடும்பத்தை விட்டு எத்தனை நாள் இருக்கணும்?

வரும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். ஜன்னலில்லாத அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைக் கூட்டும் என்பதால் மாத்திரை வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். சுழற்சி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான்கு வாரம் கடல், நான்கு வாரம் வீடு என்பது நல்ல ஏற்பாடு. ஒப்பந்த வேலைகளில் ஆறு, எட்டு வாரம்கூட நீளும். வீட்டு விசேஷங்கள் பலவற்றை இழப்பீர்கள். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள்.

பெண்கள் வரலாமா?

தாராளமாக. வேலையில் எந்தத் தடையும் இல்லை, ஓட்டிக்கொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை இன்னும் குறைவுதான். சேரும் முன் தனி அறை வசதி பற்றிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம், நியாயமான கம்பெனி நேராகப் பதில் சொல்லும்.

வயசு முப்பத்தெட்டு. இப்போ மாறினா லேட்டா?

பராமரிப்புப் பின்னணி இருந்தால் லேட் இல்லை. பதினைந்து வருடம் ஹைட்ராலிக்ஸ் பார்த்தவர் ஒரு வருடத்தில் குழுவுக்கு இன்றியமையாதவர் ஆகிவிடுவார். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது: இருபத்தைந்து வயதுச் சீனியரிடம் பயிற்சி பெறுகிறவராக நிற்க வேண்டும், முதல் ஓரிரு வருடம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாக வாங்க நேரலாம். நிறக்குருடு இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள், கம்பிகளின் நிறத்தைப் பிரித்தறிய முடிவது இந்த வேலையில் அவசியம்.

வீட்டிலேயே சின்ன ஆர்.ஓ.வி. செஞ்சு பழகினா பிரயோஜனம் உண்டா?

உண்டு. ஆர்டுசப் என்ற திறந்தமூல மென்பொருளையும் சந்தையில் கிடைக்கும் சிறு த்ரஸ்டர்களையும் வைத்து ஒன்றைக் கட்டலாம். மாணவர்களுக்கு மேட் என்ற சர்வதேச ஆர்.ஓ.வி. போட்டி 2002 முதல் நடக்கிறது. கட்டியது நன்றாக மிதந்ததா என்பதைவிட, தண்ணீர் எங்கே புகுந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை நேர்காணலில் சொல்லுங்கள். கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போ கரையிலிருந்தே ஓட்டுறாங்களாமே. நான் கத்துக்கிட்டு வர்றதுக்குள்ள வேலையே இல்லாம போயிடுமா?

கரையிலிருந்து ஓட்டுவது உண்மை. ஓஷியனியரிங் நிறுவனம் நோர்வேயின் ஸ்டாவங்கரில் உள்ள மையத்திலிருந்து கடலில் இருக்கும் வாகனங்களை ஓட்டுகிறது. ஃபுக்ரோ நிறுவனம் 12 மீட்டர் நீள ஆளில்லாப் படகிலிருந்து மின்சார ஆர்.ஓ.வி.யை இறக்கி, கரையிலிருந்தே ஆய்வு செய்கிறது. கேபிளில்லாமல் தானே பயணம் செய்யும் ஏ.யு.வி.களும் அளவைப் பணிகளில் பெரிய இடத்தைப் பிடித்துவிட்டன. நீண்ட குழாயைப் படமெடுத்துக்கொண்டே போகும் வேலைக்கு ஒரு கப்பல் நிறைய ஆட்கள் தேவைப்பட்ட காலம் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் கைகளால் செய்யும் வேலை, வால்வைத் திருப்புவது, ஹாட் ஸ்டாப் என்ற ஹைட்ராலிக் இணைப்பைச் செருகுவது, சிக்கிய கயிற்றை அறுப்பது இன்னும் மனிதரின் நேரடிக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. வாகனம் கடலில் இருக்கும்வரை ஓ-ரிங்கை மாற்ற அங்கே ஒரு கை வேண்டும். ஓட்ட மட்டுமே தெரிந்தவரின் இடம் சுருங்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரின் இடம் அவ்வளவு எளிதில் போகாது. கரை மையங்களுக்கும் அனுபவமுள்ள பைலட்டுகளைத்தான் எடுக்கிறார்கள். சம்பளத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் வரும்: கரையில் உட்காருகிறவருக்குக் கடல்படி கிடையாது. வீட்டில் தூங்குவதற்கு அந்தத் தொகையை விடத் தயாரா என்பது அவரவர் முடிவு.

பைலட்டுக்கு அப்புறம் எங்கே போகலாம்?

நேர்வழி: சீனியர், சூப்பர்வைசர், பல குழுக்களைப் பார்க்கும் சூப்பரின்டென்டென்ட். பக்கவழிகளும் உண்டு. சி.எஸ்.விப். 3.3யு தேர்வு எழுதினால் ஆர்.ஓ.வி. வழியாகக் கடலடிக் கட்டமைப்புகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஆகலாம். பற்றவைப்பில் விரிசல், துருவைத் தடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பின் அளவு, எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேய்ந்துபோன அனோடு ஆகியவற்றைப் பார்த்துப் பதிவுசெய்யும் வேலை. வெள்ளி குளோரைடு மின்முனையை வைத்து அளக்கும்போது எஃகு மைனஸ் 800 மில்லிவோல்ட்டோ அதைவிட எதிர்மறையாகவோ காட்டினால் துரு பிடிக்காமல் பாதுகாக்கப்படுகிறது என்று அர்த்தம். இந்த மாதிரி எண்ணின் பொருள் புரிந்தவருக்கு மதிப்பு அதிகம். அடுத்து 3.4யு எடுத்தால் ஆய்வுப் பணி முழுவதையும் நடத்தும் கன்ட்ரோலர்.

சிலர் வால்வைத் திருகும் டார்க் டூல் போன்ற கடலடிக் கருவிகளை வடிவமைக்கும் பிரிவுக்குப் போகிறார்கள், சிலர் வாடிக்கையாளர் கம்பெனியின் பிரதிநிதியாகக் கப்பலில் உட்காருகிறார்கள். கடைசியாகச் சொன்னதில்தான் நாள் சம்பளம் பெரும்பாலும் அதிகம். அதற்கு அறிக்கை எழுதும் திறன் வேண்டும். அதனால் பயிற்சிநிலையில் இருக்கும்போதே டைவ் குறிப்பைத் தெளிவாக எழுதப் பழகுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த ஆழத்தில், என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள். ஷிப்ட் மாறி வருகிறவர் உங்களை எழுப்பாமலே வேலையைத் தொடர முடிந்தால் நீங்கள் எழுதியது சரி.